துறைத் தலைவராகக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் இயற்கை வளக் கல்லூரியில் வனவியல் இணைப் பேராசிரியராக இருக்கிறேன். டெனியூர் (நிரந்தரப் பணி உரிமை) கிடைத்துவிட்டது. துறைத் தலைவராகச் சொல்லி டீன் கேட்கிறார். ஒப்புக்கொள்ளும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: நீங்கள் இன்னும் முழுப் பேராசிரியர் ஆகவில்லை என்பதுதான் எனக்கு இடிக்கிறது. நாளை உங்கள் பதவி உயர்வுக்கு வாக்களிக்கப் போகிறவர்களுக்கு இன்று நீங்களே ஆண்டு மதிப்பீடு எழுத வேண்டிவரும். இரு தரப்புக்கும் சங்கடம். கட்டுரை எழுதவும் நேரம் கிடைக்காது. முடிந்தால் பதவி உயர்வு வரும்வரை தள்ளிப்போடுங்கள்.

முடியாது என்றால், பணத்தைப் பற்றிப் பேசிவிடுங்கள். உங்கள் சம்பளத்தை அல்ல, துறையின் பணத்தை. 1962இல் வந்த மெக்கின்டயர்-ஸ்டென்னிஸ் சட்டப்படி வனவியல் ஆராய்ச்சிக்கு மத்திய அரசு நிதி வருகிறது. மாநிலத்தின் காட்டுப் பரப்பு, வெட்டும் மரத்தின் அளவு, ஆராய்ச்சிக்கு மத்திய அரசு சாராத வழியில் ஆகும் செலவு ஆகியவற்றை வைத்துப் பங்கு பிரிக்கிறார்கள். வாங்கும் ஒவ்வொரு டாலருக்கும் குறைந்தது ஒரு டாலர் மத்திய அரசு சாராத பணத்தை ஈடாகக் காட்ட வேண்டும். அந்த ஈட்டில் பேராசிரியர்களுக்கு மாநிலம் தரும் சம்பளமும் சேரும். ஒருவர் ஓய்வு பெற்று, அந்த இடம் நிரம்பாமல் கிடந்தால் ஆள் போவதோடு ஈட்டுக் கணக்கிலும் துண்டு விழும். அதனால் காலியாகும் இடம் துறைக்கே திரும்புமா, டீன் அலுவலகத்துக்குப் போய்விடுமா என்று நேராகக் கேளுங்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதில் போதாது, ஒரு மின்னஞ்சலாவது வாங்குங்கள். டீன்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

அப்புறம், காடு. கல்லூரியின் ஆய்வுக் காடு யார் பெயரில் இருக்கிறது, மரம் விற்ற காசு எங்கே போகிறது என்று விசாரியுங்கள். வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஹாஃப்மன் காடு ஏறக்குறைய 79,000 ஏக்கர். 2013இல் அதை விற்க ஏற்பாடு நடந்தபோது அங்குள்ள வனவியல் பேராசிரியரே வழக்குப் போட்டவர்களில் ஒருவராக இருந்தார். அந்த விற்பனை கடைசியில் நடக்கவில்லை. இப்படி ஒன்று வந்தால், மேலே நிர்வாகம், கீழே சகாக்கள் என்று நடுவில் மாட்டிக்கொள்பவர் துறைத் தலைவர்தான்.

உங்கள் ஒப்பந்தம் 9 மாதத்திலிருந்து 11 அல்லது 12 மாதமாக மாறக்கூடும். பெரும்பாலான மாநிலங்களில் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குவதால், ஜூனில் கணக்கு முடிக்கும் நெருக்கடி இருக்கும். உங்கள் களப்பணிக்கும் அதுதான் நேரம். ஆகவே காட்டில் வேலையைக் கவனிக்க ஒரு போஸ்ட்டாக்குக்கான (முனைவர் பட்டம் முடித்த ஆய்வாளருக்கான) சம்பளத்தைக் கேளுங்கள். பதவியை விட்டுப் பேராசிரியராகத் திரும்பினால் சம்பளம் எவ்வளவு என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

நீங்கள் எச்-1பி விசாவிலோ, கிரீன் கார்டுக்குக் காத்திருந்தோ இருந்தால், பல்கலைக்கழகத்தின் குடியேற்றப் பிரிவைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வேலையின் தன்மை பெரிதாக மாறினால் திருத்திய மனு போட வேண்டிவரலாம்.