தீர்மானம் போட்டா தீர்ப்பாயிடுமா?

கேள்வி: எங்க ஊர் வக்கீல் சங்கத்துல ஒரு நீதிபதி மேல கண்டனத் தீர்மானம் போட்டுட்டு மூணு நாளா கோர்ட்டுக்கே போகாம இருக்காங்க. நீதிபதியை விசாரிக்க இவங்க யாரு? இவங்களும் கேக்கக் கூடாதுன்னா வேற யாருதான் கேக்கிறது? (தென்மாவட்ட வாசகர் ஒருவர்)

பதில்: முதல் கேள்விக்கு உடனே சொல்லிடறேன், விசாரிக்க அவங்களுக்கு அதிகாரம் கிடையாது, புகார் சொல்ல உரிமை உண்டு. இந்த வித்தியாசம் வக்கீல்களுக்குத் தெரியாததில்ல, தினமும் கட்சிக்காரனுக்கு அவங்களே சொல்லிக் கொடுக்கிறதுதான், மைக் கைக்கு வந்ததும் மறந்து போகுது.

1995ல பம்பாய் ஹைகோர்ட் தலைமை நீதிபதி ஏ.எம்.பட்டாச்சார்ஜி மேல ஒரு குற்றச்சாட்டு வந்துச்சு, வெளிநாட்டுப் பதிப்பகம் ஒண்ணு அவர் புத்தகத்துக்கு ராயல்டின்னு பெரிய தொகை கொடுத்த விவகாரம். அங்க இருந்த வக்கீல் சங்கங்கள் அவர் பதவி விலகணும்னு தீர்மானம் போட்டுச்சு, அவரும் விலகிட்டார். ரவிச்சந்திர ஐயர்ங்கிற வக்கீல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய் இது சரியான்னு கேட்டப்போ கோர்ட் சொன்னது இதுதான்: தீர்மானம் போட்டு ஒரு நீதிபதியை ராஜினாமா பண்ண வைக்கிற வேலை சங்கத்துக்கு வேண்டாம், கையில நம்பத்தகுந்த ஆதாரம் இருந்தா பொறுப்பாளர்கள் அந்த நீதிபதியையோ ஹைகோர்ட் தலைமை நீதிபதியையோ பார்த்துக் கொடுக்கட்டும், புகாரே தலைமை நீதிபதி மேலன்னா நேரா இந்தியத் தலைமை நீதிபதிகிட்ட போகட்டும், கொடுத்துட்டு நியாயமான அவகாசம் காத்திருக்கட்டும்.

காத்திருக்கலாம், ஆனா எதுவரைக்கும்? எனக்கு கோவம் வர்ற இடம் இதுதான். 1999ல நீதிபதிகளுக்குள்ளேயே விசாரிச்சுக்கிற உள்விசாரணை முறைன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, நீதிபதிகள் மேல வர்ற புகாரை நீதிபதிகள் கமிட்டியே விசாரிச்சு ரிப்போர்ட் கொடுக்கும். அந்த ரிப்போர்ட் உங்களுக்கும் எனக்கும் கிடைக்காது, அதை வெளியிட முடியாதுன்னு 2003லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. புகார் கொடுத்தவனுக்கு என்ன ஆச்சுன்னே தெரியாட்டி அவன் சங்கத்து ஹால்ல நாற்காலி போட்டு கூட்டம் கூட்டத்தான் செய்வான். அதை நான் சரின்னு சொல்லல, ஆனா கதவையும் சாத்தி ஜன்னலையும் சாத்திட்டு ஏன் சத்தம் போடறேன்னு கேட்டா எப்படி?

ஊர் மொத்தமும் பார்த்த ஒரே கேஸ்னு சொன்னா 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட் நீதிபதி யஷ்வந்த் வர்மா வீட்டுல தீப்பிடிச்ச விவகாரம்தான். எரிஞ்ச நோட்டுக் கட்டுப் படத்தை சுப்ரீம் கோர்ட்டே தன் வெப்சைட்ல போட்டுச்சு. பணத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லன்னு அவர் மறுத்தார். அவரை அலகாபாத்துக்கு மாத்தினதும் அங்க இருந்த வக்கீல் சங்கம் எங்க கோர்ட் என்ன குப்பைத்தொட்டியான்னு கேட்டு வேலைநிறுத்தத்துல இறங்கிடுச்சு. கேள்வி நியாயமான கேள்வி, ஆனா கோர்ட்டை நிறுத்தினா அடி வாங்கினது யாரு, நீதிபதியா? பாய்காட் அன்னைக்கு எந்த கோர்ட் வராண்டாவுக்கும் போய் நின்னு பாருங்க, விடியக்காலைல பஸ் ஏறி வந்த ஒரு அம்மா மஞ்சப்பையில கேஸ் பேப்பரை வெச்சுக்கிட்டு குமாஸ்தா முகத்தையே பார்த்துட்டு நிக்கும், அவர் "வக்கீல் இன்னைக்கு உள்ள போகமாட்டார்மா, வாய்தா வாங்கித் தர்றோம்"னு துண்டுச் சீட்டுல அடுத்த தேதியை எழுதிக் கொடுப்பார். வக்கீல்களுக்கு ஸ்டிரைக் பண்ற உரிமையே இல்லைன்னு 2002ல ஹரீஷ் உப்பல் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு, ரொம்ப அபூர்வமா வக்கீல்களோடவோ நீதிமன்றத்தோடவோ கௌரவத்துக்கே ஆபத்துன்னா ஒருநாளைக்கு மேல போகாத போராட்டத்தை கண்டுக்காம விடலாம், அவ்வளவுதான். உங்க ஊர்ல இப்ப மூணு நாள்.

வக்கீல்களுக்கு மட்டும் புத்தி சொல்லிட்டுப் போனா நான் நடுநிலை இல்லன்னு நினைப்பீங்க, அதனால இதையும் கேளுங்க. 2016ல நம்ம சென்னை ஹைகோர்ட் புதுசா விதி போட்டுச்சு: நீதிபதி பேரைச் சொல்லி காசு வாங்கினாலோ, குடிச்சிட்டு கோர்ட்டுக்கு வந்தாலோ, கோர்ட் வளாகத்துல ஊர்வலம் போனாலோ அந்த வக்கீலை இனிமே ஆஜராகக் கூடாதுன்னு கோர்ட்டே தடுக்கலாம். இதுவரைக்கும் பரவால்ல, ஆனா அதே லிஸ்ட்ல இன்னொண்ணும் இருந்துச்சு, நீதிபதி மேல ஆதாரமில்லாத புகாரை மேல்கோர்ட்டுக்கு அனுப்பினாலும் அதே தண்டனை. ஆதாரமில்லன்னு முடிவு பண்றது யாரு, அதே கோர்ட்! தமிழ்நாடு முழுக்க வக்கீல்கள் கொதிச்சாங்க, 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் அந்த விதிகளை ரத்து பண்ணிடுச்சு, வக்கீல்மேல ஒழுங்கு நடவடிக்கை எடுக்கிறது 1961 வக்கீல்கள் சட்டப்படி பார் கவுன்சில் வேலைன்னுட்டாங்க. இங்க பலபேர் குழப்பிக்கிறாங்க, பார் கவுன்சில் சட்டம் உண்டாக்கின அமைப்பு, உங்க ஊர் சங்கம் உறுப்பினர்கள் சந்தா கட்டி நடத்துறது, ரெண்டும் ஒண்ணு கிடையாது.

சரி, ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட் நீதிபதியை உண்மையிலேயே நீக்க யாரால முடியும்? பார்லிமெண்ட்தான். மக்களவையில 100 பேரோ மாநிலங்களவையில 50 பேரோ கையெழுத்து போட்டு நோட்டீஸ் கொடுக்கணும், அதை ஏத்துக்கிட்டா மூணு பேர் கமிட்டி விசாரிக்கும், அப்புறம் ரெண்டு சபையிலயும் சிறப்புப் பெரும்பான்மை வேணும், அதாவது சபையோட மொத்த உறுப்பினர்கள்ல பாதிக்கு மேலயும், வந்து ஓட்டுப் போட்டவங்கள்ல மூணுல ரெண்டு பங்குக்குக் குறையாமலும் ஆதரவு வேணும். அதோட லட்சணம் 1993ல தெரிஞ்சுது, நம்ம சென்னை ஹைகோர்ட்லேருந்து போன சுப்ரீம் கோர்ட் நீதிபதி வி.ராமசாமி மேல கமிட்டி குற்றம் நிரூபணமாயிடுச்சுன்னு ரிப்போர்ட் கொடுத்தும் மக்களவையில ஆதரவா 196 ஓட்டு, 205 பேர் ஓட்டே போடல, எதிரா ஒரு ஓட்டு கூட இல்ல, தீர்மானம் படுத்துடுச்சு! காங்கிரஸ்காரங்க ஓட்டுப் போடாம உக்காந்திருந்தாங்க. அந்த விவகாரத்துல முதல்ல குரல் கொடுத்தவங்கள்ல டெல்லி வக்கீல்களும் உண்டு, ஆதாரம் சேர்த்தாங்க, கேஸ் நடத்தினாங்க, எம்.பி.க்களைப் போய்ப் பார்த்தாங்க. சங்கம்னா அப்படியும் வேலை செய்யலாம்.

மாவட்ட நீதிபதி, முன்சீப் விஷயம் இவ்வளவு சிக்கல் இல்ல, அவங்க மேல கட்டுப்பாடு ஹைகோர்ட்டுக்கு, அரசியல் சட்டம் 235வது பிரிவு. உங்க ஊர் நீதிபதி அந்த வகைன்னா சங்கத்துக்காரங்க பிரமாணப் பத்திரத்தோட, தேதி, கேஸ் நம்பர் எல்லாம் போட்டு ஹைகோர்ட்டுக்கு அனுப்பலாம், நீங்களும் அனுப்பலாம், அதுக்குக் கறுப்பு கோட்டு தேவையில்ல. மூணு நாள்ல அவங்க அதை அனுப்பினாங்களான்னு முதல்ல விசாரிச்சுட்டு எழுதுங்க.