வலியில்லாமல் தொடை வலுவிழக்கிறது: மாத்திரை காரணமா?

கேள்வி: வயது 56, எடை 60 கிலோ. முடக்குவாதத்துக்காக (மூட்டுகள் வீங்கும் நோய்) 8 வருடங்களாக தினமும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் 400 மி.கி. சாப்பிடுகிறேன். ஆறு மாதமாகக் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை; வலி இல்லை. சி.கே. (தசைச் சிதைவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) நார்மல், கிரியாட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் அளவு) 1.6. மலேரியா மருந்து வகையான இந்த மாத்திரை தசையைக் கெடுக்குமா?

பதில்: கெடுக்கும், ஆனால் அரிதாக. மலேரியாவுக்கு மூன்று நாள் குளோரோகுயின் (உங்கள் மருந்தின் நெருங்கிய உறவு மருந்து) சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பயம் வேண்டாம். உங்களைப் போல மாதக்கணக்கில், வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்குத்தான் இது வரும்.

செல்லுக்குள் கழிவை உடைக்கும் லைசோசோம் பைகளில் இந்த மருந்து தேங்கி, அங்குள்ள அமிலத்தன்மையைக் குறைத்துவிடுகிறது. செரிக்காத கழிவு தசை இழைகளுக்குள்ளேயே சேர்கிறது. இழைகள் உடைந்து சிதறுவது குறைவு என்பதால் சி.கே. பெரும்பாலும் நார்மலாகவோ சற்றே கூடியோதான் இருக்கும். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

உங்கள் டோஸே அதிகம். கிலோவுக்கு 5 மி.கி. என்ற உச்சவரம்புப்படி, உங்களுக்கு நாளைக்கு 300 மி.கி.க்கு மேல் போகக்கூடாது. மருந்தின் ஒரு பகுதி சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், இந்தக் கிரியாட்டினினுக்கு அந்த 300-ம்கூட அதிகமாகலாம்.

ஸ்டீராய்டும் எடுக்கிறீர்களா? அதுவும் இதேபோல வலியின்றி, சி.கே. உயராமல் தொடையை வலுவிழக்கச் செய்யும். தைராய்டு, பொட்டாசியம், வைட்டமின் டி, கொலஸ்ட்ராலுக்கான ஸ்டாட்டின் ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். அடுத்து இ.எம்.ஜி. (தசையின் மின்னோட்டப் பரிசோதனை) எடுக்க வேண்டும். சந்தேகம் நீடித்தால் தசை பயாப்சி (தசைத் துண்டை எடுத்துச் சோதிப்பது). எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கும் மாதிரி தேவை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதற்கான துண்டைத் தனியாக, உடனே குளூட்டரால்டிஹைடு என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட வேண்டும். இந்த மருந்துக்கே உரிய வளைகோட்டுத் துகள்கள் அதில்தான் தெரியும். சாதாரண பயாப்சியில் வெற்றுக்குழிகள் மட்டுமே தெரியலாம்.

இதயமும் தசைதான். இ.சி.ஜி., எக்கோ இரண்டையும் இந்த வாரமே எடுங்கள். மயக்கம், மூச்சுத்திணறல், விழுங்கச் சிரமம் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இந்த மருந்து விழித்திரையையும் பாதிக்கலாம்; 5 வருடம் தாண்டியதால் விழித்திரைப் பரிசோதனையும் ஆண்டுதோறும் தேவை.

மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் முடக்குவாதம் மீண்டும் கிளம்பக்கூடும். மாற்று மருந்தை மூட்டுவாத மருத்துவர் முடிவு செய்யட்டும். தசைநோய் உறுதியானால் டோஸைக் குறைத்துப் பயனில்லை, நிறுத்தத்தான் வேண்டும். உடலில் பாதி மருந்து குறையவே ஏறக்குறைய 40 நாளாகும் என்பதால், வலு திரும்பப் பல மாதங்கள் ஆகும்.