தாய்லாந்து, லாவோஸ் நாட்டுப்புறக் கதைகளில் உங்கள் மனத்தில் நின்ற கதை எது? அவற்றை இன்றும் யாராவது சொல்கிறார்களா?

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலாவதற்கு எனக்கு யோசனையே தேவையில்லை: சின்னச் சோற்றுக்கூடைக் கதை. இரண்டாவதற்குக் கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.

வேலை நிமித்தம் நான்கு ஆண்டுகள் கோன் கேன் நகரில் இருந்தேன். தாய்லாந்தின் வடகிழக்கு அது. அந்த வட்டாரத்துக்கே ஈசான் என்றுதான் பெயர்; வீடு கட்டும்போது நம் வாஸ்துக்காரர் சொல்கிறாரே, அதே ஈசானிய மூலை. இருபது மாகாணங்கள், மணல் கலந்த மண், பெய்தால் வெள்ளம், பெய்யாவிட்டால் வறட்சி. வீட்டுக்குள் பேசுவது லாவோ. 1893இல் பிரான்சும் சயாமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் மேக்கோங் ஆறு எல்லையாகிவிட்டது. ஆனாலும் லாவோஸ் நாட்டில் இருப்பதைவிட ஆற்றின் இந்தக் கரையில்தான் லாவோ பேசுகிறவர்கள் அதிகம். ஆகவே இது தாய்லாந்துக் கதை, இது லாவோ கதை என்று நான் பிரித்துச் சொல்லப் போவதில்லை.

உடன் வேலை பார்த்த நண்பர் ஒருவர், ஒரு மே மாதம் யசோதோன் அருகில் உள்ள தன் ஊருக்கு அழைத்துப் போனார். ராக்கெட் திருவிழா நேரம். அந்தத் திருவிழாவே ஒரு கதையிலிருந்து வந்ததுதான். வானத்துத் தலைவன் மழையை நிறுத்திவிட, தேரை உருவம் கொண்ட அரசன் ஒருவன் படை திரட்டிப் போனானாம். கறையான்கள் வானத்துக்குப் புற்றாலேயே பாதை போட்டன. தேளும் பூரானும் எதிரியின் உடைகளுக்குள் புகுந்துகொண்டன. கடைசியில் உடன்படிக்கை: கீழேயிருந்து ராக்கெட் வந்தால் மழை கேட்கிறார்கள் என்று அர்த்தம், தவளை கத்தினால் மழை வந்து சேர்ந்துவிட்டது, பட்டத்தில் கட்டிய நாண் வானத்தில் ரீங்கரித்தால், மழை போதும், நிறுத்து. இன்றும் விடுகிறார்கள். மேலே போகாத ராக்கெட்டின் சொந்தக்காரரைச் சேற்றில் தூக்கிப் போடுகிறார்கள். மழைக்கு விண்ணப்பம் எழுதத் தெரியாதவனுக்கு அதுதான் மரியாதை.

நண்பரின் தாய்வழிப் பாட்டியை வீட்டில் எல்லோரும் ‘யாய்’ என்று கூப்பிட்டார்கள். சங்கப் பாடல் படித்தவர்களுக்கு அந்தச் சொல் காதில் விழுந்ததும் தலை திரும்பும். நம் பழந்தமிழில் யாய் என்றால் தாய். தற்செயல்தான், ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிவிட வேண்டாம்.

கால் நட்டு உயர்த்திய மரவீட்டின் அடியில், மூங்கில் கட்டிலில் மதியச் சாப்பாடு. நாங்கள் ஐந்து பேர். நடுவில் மூங்கிலில் பின்னிய ஒரு கூடை, மூடியோடு, சொம்பு அளவுதான் இருக்கும். அதற்குள் ஒட்டும் சோறு. நான் நண்பரின் காதோடு, “இது நமக்குப் போதுமா?” என்று கேட்டேன். யாய்க்கு எண்பது வயதிருக்கும், ஆனால் செவி கூர்மை. மூடியைத் திறந்து, இரண்டு விரலால் ஒரு பிடி பிய்த்து, உள்ளங்கையில் வைத்து உருட்டி என் பக்கம் நீட்டினார். பிய்த்த இடத்தில் பள்ளமே தெரியவில்லை. அவ்வளவு அடைத்து வைத்திருந்தது.

“லூக்,” என்றார். பிள்ளாய் என்பது போல. “இப்படித்தான் ஒருத்தன் கேட்டான். கேட்டுவிட்டுத் தாயைக் கொன்றான்.”

கதை இதுதான். தகப்பன் இல்லாத ஒரே மகன். விடியலிலிருந்து உழுகிறான். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது, எருமை மூச்சு வாங்குகிறது, தாயைக் காணோம். மரத்தடியில் பசியோடு உட்கார்ந்து வரப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறான். தூரத்தில் அவள் வருவது தெரிகிறது. கையில் தொங்கும் கூடை சின்னதாக இருக்கிறது. இவ்வளவு நேரம் கழித்து இவ்வளவு சோறா? கூடை சின்னது, ஆனால் உள்ளே அழுத்தி வைத்திருக்கிறேன், முதலில் சாப்பிட்டுப் பார் என்கிறாள். அவன் காதில் ஏறவில்லை. நுகத்தடியை எடுத்து அடித்துவிட்டான். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டான். வயிறு நிறைந்தது. கூடையைப் பார்த்தான். சோறு மீந்திருந்தது.

யாய் இந்த இடத்தில் மூடியை எடுத்துக் கூடையின்மேல் மெதுவாக வைத்து மூடினார். வேறு எதுவும் சொல்லவில்லை. அழுதான், புரண்டான் என்பதெல்லாம் அவருக்கு முக்கியமாகப் படவில்லை போலும். நண்பர்தான் மீதியைச் சொல்லி முடித்தார்: மகன் பாவம் தீரத் தன் கையாலேயே செங்கல் அறுத்து ஒரு தூபி கட்டினான், அது பக்கத்தில்தான் இருக்கிறது, நாளைக்குப் போகலாம். (நாங்கள் ஐந்து பேரும் வயிறு முட்டச் சாப்பிட்டோம். எங்களுக்கும் மீந்தது.)

மறுநாள் போனோம். உபோன் செல்லும் சாலையில் தாத் தோங் என்ற ஊர், வயல்களுக்கு நடுவே பழைய செங்கல் தூபி. சின்னச் சோற்றுக்கூடைத் தூபி என்றே அதற்குப் பெயர். அடியில் யாரோ வைத்த பூவும், உள்ளங்கை அளவில் ஒரு பொம்மைச் சோற்றுக்கூடையும் இருந்தன. பாவத்துக்குத் தூபி என்பது அந்த நாட்டுக் கதைகளில் பழகிய வழி. பாங்காக்குக்கு மேற்கே நகோன் பதோமில் 120 மீட்டர் உயரத்தில் நிற்கிற பெரிய தூபிக்கும் அப்படி ஒரு கதை உண்டு: தந்தை என்று தெரியாமல் தந்தையைக் கொன்ற அரசன், புறா பறக்கும் உயரத்துக்கு ஒன்று கட்டச் சொன்னானாம். ஆனால் அரசனின் தூபியைவிட இந்த உழவனின் தூபிதான் எனக்குத் தொண்டையை அடைத்தது. அரசனுக்குப் பசி இல்லை.

நம்மவர்கள் அந்தப் பக்கத்தில் முதலில் தேடுவது இராமாயணத்தை. இருக்கிறது. லாவோஸ் வடிவத்தின் பெயரிலேயே தம்பி முந்திக்கொள்கிறான்: ‘பிரா லாக் பிரா லாம்’, அதாவது இலக்குவன், இராமன். கதை நடப்பது மேக்கோங் கரையில். இராமன் புத்தரின் முற்பிறவி. நல்ல கதைதான். ஆனால் அதை மட்டும் பார்த்து “எல்லாம் இங்கிருந்து போனது” என்று திருப்தியாகத் திரும்பி வருகிறவர்கள், சோற்றுக்கூடையைத் திறக்காமலே எழுந்துவிட்டவர்கள்.

இன்னொரு ஒப்பீடு, சியங் மியங். தாய்லாந்தின் நடுப்பகுதியில் இவனுக்குச் சீ தனோன்சய் என்று பெயர். நம் தெனாலிராமனைப் போன்றவன் என்றுதான் எனக்கும் அறிமுகப்படுத்தினார்கள். ‘சியங்’ என்பது இளந்துறவியாக இருந்துவிட்டு வீடு திரும்பியவனுக்கு முன்னால் போடும் பட்டம். ‘மியங்’ என்பது புளிக்கவைத்த தேயிலை, வெற்றிலை போல வாயில் அடக்கிக்கொள்வது. தேயிலை வியாபாரிகளிடம், “உங்களால் இந்த ஆற்றைத் தாண்ட முடியாது” என்று பந்தயம் கட்டினான். அவர்கள் இறங்கி நடந்து அக்கரைக்குப் போனார்கள். “நீங்கள் தாண்டவில்லையே, நனைந்துகொண்டு நடந்துதானே போனீர்கள்” என்று மூட்டைகளை வாங்கிக்கொண்டான். அரசனிடமும் இதே வேலைதான். “என்னை ஏமாற்றிக் குளத்தில் இறக்கு பார்க்கலாம்” என்றான் அரசன். “அது என்னால் ஆகாது. ஆனால் குளத்துக்குள் இருந்தால் ஏமாற்றி வெளியே வரவைத்துவிடுவேன்.” அரசன் குளத்தில் இறங்கி நின்றுகொண்டு, “ம், வரவை” என்றான்.

இதுவரைக்கும் தெனாலிராமன். ஆனால் அதை நம்பிக் குழந்தைக்குச் சொல்ல ஆரம்பித்தால் மாட்டிக்கொள்வீர்கள். தனோன்சய் சிறுவனாக இருந்தபோது, தம்பியை உள்ளும் புறமும் சுத்தமாகக் கழுவி வை என்று தாய் சொல்லிவிட்டுப் போகிறாள். அவன் சொன்னதைச் சொன்னபடி செய்கிறான். வயிற்றைக் கிழித்து. இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னார்கள், அலுவலக உணவகத்தில். பாங்காக்கில் பெரிய வணிக வளாகங்களின் நெரிசலுக்கு நடுவே இருக்கும் பதும் வனாராம் கோயிலின் சுவரோவியங்களிலும் இவன் கதை உண்டு. லாவோஸில் சொல்லப்படும் ஒரு முடிவு எனக்கு மிகவும் பிடிக்கும். அரசன் அவனுக்கு விஷம் வைத்துவிடுகிறான். சாவதற்கு முன் சியங் மியங் மனைவியிடம், தன்னைப் புத்தகம் படிக்கிற கோலத்தில் உட்கார்த்தி வைக்கச் சொல்கிறான். ஆள் உயிரோடு படித்துக்கொண்டிருக்கிறான் என்று ஒற்றர்கள் சொல்ல, விஷம் போலிதானோ என்று அரசன் தானே கொஞ்சம் ருசி பார்க்கிறான்.

சரி, இன்றும் சொல்கிறார்களா?

முன்பு இதற்கென்று இரவுகள் இருந்தன. ஈசானிலும் லாவோஸிலும் சாவு நடந்த வீட்டை ‘நல்ல வீடு’ என்பார்கள். அங்கே இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். விழித்திருக்கக் கதை வேண்டும். பிள்ளை பெற்றவள் கணப்படுப்பின் பக்கத்தில் படுத்திருக்கும் நாள்களிலும் அப்படியே. தாளிப்பனை ஓலையில் எழுத்தாணியால் கீறிக் கரி பூசிய சுவடிகளை ஒருவர் ராகத்தோடு வாசிப்பார். சாவு வீட்டில் விடிய விடிய ‘கர்ண மோட்சம்’ கூத்துப் பார்த்த வடதமிழ்நாட்டுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கதைச் சுவடிகளின் எழுத்து வேறு, பள்ளிக்கூட எழுத்து வேறு. 1921இல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. பாங்காக்கின் தாய்லாந்து எழுத்து வகுப்பறைக்குள் வந்தது. தாத்தாவின் சுவடியைப் பேரனால் படிக்க முடியாமல் போனது. யாய் இறந்தபோது நானும் அந்த ‘நல்ல வீட்டுக்கு’ப் போயிருந்தேன். இரவு முழுக்க விழித்திருந்தார்கள், சீட்டாடிக்கொண்டு. சுவடி எதையும் நான் பார்க்கவில்லை.

பாட்டாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மோலாம் என்பார்கள். ‘மோ’ என்றால் கைதேர்ந்தவர். இன்று மருத்துவரையும் அதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். பழைய கதைப்பாட்டு வகையில் பாடகர் ஒருவரே எல்லாப் பாத்திரமும். தோளில் கிடக்கும் கட்டம் போட்ட துண்டைத் தலையில் போட்டால் பெண், இடுப்பில் கட்டினால் வீரன். பக்கத்தில் கேன் வாசிப்பவர், பதினாறு மூங்கில் குழல்களைச் சேர்த்துக் கட்டிய வாயிசைக்கருவி. லாவோஸின் கேன் இசையை 2017இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. இன்றைய மோலாம் மேடையில் விளக்கும் ஆட்டமும்தான் அதிகம், கதை குறைவு. தொலைக்காட்சியில் வாரக் கடைசிக் காலைகளில் அரக்கர்களும் இளவரசர்களும் வரும் நாட்டுக்கதைத் தொடர்கள் உண்டு. நண்பரின் மகள் கதையெல்லாம் அதில்தான் கற்றாள். கோன் கேன் நகரசபையோ சின்சய் என்ற லாவோ காவியத்தின் மூன்று சகோதரர்களைத் தெருவிளக்குக் கம்பங்களில் ஏற்றி வைத்துவிட்டது: வில்லேந்திய சின்சய், சங்கு வடிவில் ஒருவன், யானைத்தலைச் சிங்கமாக ஒருவன். நான்கு ஆண்டுகள் அவர்கள் வெளிச்சத்தில்தான் வீடு திரும்பினேன்.

ஆனால் எனக்குக் கடைசியாக ஒருவர் வாயால் கதை சொன்னது ஊதோன் தானி மாகாணத்தில், நோங் ஹான் ஏரியில். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஏரி முழுவதும் செந்நிற அல்லி பூத்துக் கிடக்கும். படகுக்காரர் பூவைக் காட்டி முடித்ததும் ஒரு மேட்டுத் திட்டைக் காட்டினார். தோன் மே மாய், விதவைத் தீவு.

ஒரு பிறவியில் ஓர் ஊமைக் கணவனும் அவன் மனைவியும் பசியோடு காட்டில் நடந்தார்கள். அவன் அத்தி மரத்தில் ஏறித் தான் மட்டும் தின்றான், அவளுக்கு ஒரு பழம் போடவில்லை. இறங்கி, அவளை விட்டுவிட்டே போனான். அடுத்த பிறவியில் இவன் எனக்குக் கணவனாக வேண்டாம், மரக்கிளையிலேயே சாகட்டும் என்று அவள் சபித்தாள். மறுபிறவியில் அவள் இளவரசி நாங் அய். அவன் நாகலோகத்து இளவரசன் பாங்கீ. அவளைப் பார்க்க, கழுத்தில் பொன்மணி கட்டிய வெள்ளை அணிலாக வந்தான். அவள் அந்த அணில் வேண்டும் என்றாள். அத்தி மரத்தில் பழம் தின்றுகொண்டிருந்தபோது அம்பு பட்டது. என் கறி ஊருக்கெல்லாம் போதட்டும் என்று சொல்லிவிட்டுச் செத்தான். வெட்ட வெட்டக் கறி வந்தது. ஊரே தின்றது. விதவைகளுக்கு மட்டும் பங்கு கொடுக்கவில்லை. ஊர்ப்பணி செய்யாதவர்களுக்குப் பங்கு எதற்கு என்றார்கள். அன்றிரவு நாகர் படை பூமிக்குள் புகுந்து புரண்டது. தின்றவர்கள் வீடெல்லாம் நீருக்குள் போயின. அந்த மேடு மட்டும் மிஞ்சியது.

“நீங்கள் எந்த ஊர்?” என்று கேட்டேன். துடுப்பால் தீவின் பக்கம் காட்டினார். தன் பாட்டிக்குப் பாட்டி அந்த விதவைகளில் ஒருத்தி என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. “எங்கள் வீட்டில் யாருக்கும் அணில் கறி கிடைக்கவில்லை. அதனால்தான் நான் இன்றைக்குப் படகு ஓட்டுகிறேன்.”