ஜப்பானிய இருவர் இசைக்குழுக்களில் யாரிடமிருந்து கேட்கத் தொடங்கலாம்?

என் பதில், 'தி பீனட்ஸ்'. பலர் யோவாசோபியைச் சொல்வார்கள், வயதில் மூத்தவர்கள் பிங்க் லேடியைச் சொல்வார்கள். இரண்டு குழுக்களையும் விரும்பிக் கேட்கிறேன். ஆனால் இரண்டு தொண்டைகளிலிருந்து ஒரே குரல் வர முடியும் என்று எனக்குக் காட்டியவர்கள் எமி இட்டோ, யூமி இட்டோ என்ற இரட்டைச் சகோதரிகள்தான்.

1941 ஏப்ரல் 1 அன்று பிறந்தவர்கள். ஒரே ஓட்டுக்குள் இரண்டு பருப்பாக இருக்கும் வேர்க்கடலையின் பெயர் இவர்களுக்கு எவ்வளவு பொருத்தம்! எமியின் கண்ணருகே ஒரு மச்சம் உண்டு, யூமிக்குக் கிடையாது. அதனால் மேடைக்கு வரும்போது யூமி அதே இடத்தில் ஒரு மச்சம் வரைந்துகொள்வார்.

1959இல் வெளிவந்த முதல் இசைத்தட்டு, ஜாஸ் மேதை சிட்னி பெஷேயின் மெட்டுக்கு ஜப்பானிய வரிகள் போட்டது. ஆனால் அவர்களுக்கென்றே பிறந்த பாட்டு என்றால் 1963இல் வந்த 'கொய் நோ பகான்சு'தான். இசை மியாகவா ஹிரோஷி. சோகச் சாயல் உள்ள மெட்டு, ஆனால் துள்ளலான தாளம். கேட்கும்போது மனம் எந்தப் பக்கம் சாய்வது என்று திகைக்கிறது. அந்த மெட்டு சோவியத் நாட்டில் ரஷ்ய மொழியில் பாடப்பட்டு, அங்கேயும் வீட்டுக்கு வீடு பரவியது.

1961இல் 'மோத்ரா' திரைப்படத்தில் உள்ளங்கை அளவுப் பெண்களாக நடித்து, ராட்சத அந்துப்பூச்சியைப் பாடி அழைத்தார்கள். அந்தப் பாடலின் வரிகள் இந்தோனேசிய மொழியில் அமைந்தவை. அதில் 'கெசக்தியான்' என்றொரு சொல் வருகிறது. அவர்கள் உச்சரிப்பில் உருமாறித்தான் ஒலிக்கிறது. எழுத்தில் பார்த்த அன்றுதான் அதற்குள் நாம் சொல்லும் 'சக்தி' இருப்பது தெரிந்தது. அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல.

1966இல் அமெரிக்காவின் எட் சல்லிவன் நிகழ்ச்சி, ஜப்பானில் பல ஆண்டுகள் ஓடிய வாராந்திரத் தொலைக்காட்சி நிகழ்ச்சி, ஆண்டிறுதி 'கோஹாகு' இசைவிழாவில் 1959 முதல் 1974 வரை ஓர் ஆண்டும் விடாமல் 16 முறை. இத்தனைக்கும் பிறகு, 1975இல், 34 வயதில் விடைபெற்றார்கள். அதே ஆண்டு எமி, பாடகர் சவாதா கென்ஜியை மணந்தார். பிறகு இருவரும் மேடைக்குத் திரும்பவே இல்லை. ரசிகனாக எனக்கு அதில் ஏக்கம் உண்டு. ஆனாலும், குரல் மங்கும்வரை காத்திராமல் நிறுத்திக்கொண்ட அந்த முடிவை மதிக்கிறேன். எமி 2012இலும் யூமி 2016இலும் மறைந்தார்கள்.

நீங்கள் 'கொய் நோ பகான்சு'வில் தொடங்குங்கள். அடுத்து 1967இல் வந்த 'கொய் நோ ஃபூகா'. அதற்கு இசையமைத்த சுகியாமா கோய்ச்சிதான் பிற்காலத்தில் 'டிராகன் குவெஸ்ட்' விளையாட்டுக்கு இசை தந்தவர். கண்ணை மூடிக்கொண்டு, எது எமி, எது யூமி என்று பிரித்துப் பாருங்கள். எத்தனையோ முறை கேட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.