ஹெடர் கோப்பு இருக்கும்போதே 'இல்லை' என்று பில்ட் நின்றுவிடுகிறது, எப்படிச் சரிசெய்வது?

ஹெடர் கோப்பு கண்முன்னே இருக்கிறது, ஆனால் சி பிளஸ் பிளஸ் பில்ட் 'அப்படியொரு கோப்போ போல்டரோ இல்லை' என்று நின்றுவிடுகிறது என்கிறீர்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் அக்காவின் மகன் போன மாதம் இதே பிழையோடுதான் கல்லடியில் எங்கள் வீட்டுக்கு வந்தான். படுவான்கரை வயலில் மண் ஈரத்தை அளக்க ஒரு ராஸ்பெரி பைக்கு நிரல் எழுதியிருந்தான். "ஃபைல் இரிக்கு மாமா, ஆனா இல்லையெண்டு சொல்லுது" என்றான். இரண்டு நாள் நித்திரை இல்லாமல் கண் சிவந்திருந்தது.

கோப்பு இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டாம். கொம்பைலர் எங்கே தேடியது என்று பாருங்கள். ஜிசிசி கொம்பைலரின் கட்டளையில் 'மைனஸ் வி' சேர்த்து ஓட்டினால், அது தேடும் போல்டர்களை வரிசையாகக் காட்டும். அந்தப் பட்டியலுக்குச் சற்று மேலே 'இக்னோரிங்' என்று தொடங்கி, உங்கள் போல்டர் இல்லவே இல்லை என்று ஒரு வரி வந்தால், நீங்கள் கொடுத்த பாதைதான் பிழை. அவனுக்கும் அந்த வரி வந்திருந்தது.

பாதை எங்கிருந்து எண்ணப்படுகிறது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். மேற்கோள் குறிக்குள் பெயரை எழுதினால், அந்த இன்குளூட் வரி உள்ள கோப்பின் போல்டரில் தேடல் தொடங்கும். அங்கே கிடைக்காவிட்டால்தான் மற்ற இடங்கள். < > குறிக்குள் எழுதினால் அங்கே பார்க்காது. 'மைனஸ் பெரிய ஐ' மூலம் கொடுத்த போல்டர்கள், அப்புறம் சிஸ்டத்தின் போல்டர்கள். அந்த 'மைனஸ் ஐ'க்குக் கொடுக்கும் சார்புப் பாதையோ (முழுப் பாதையாக இல்லாமல், ஓர் இடத்திலிருந்து எண்ணப்படும் பாதை), நாம் எந்த போல்டரில் நின்று கட்டளையை ஓட்டுகிறோமோ அங்கிருந்து எண்ணப்படும். அவன் பில்ட் போல்டருக்குள் நின்றுகொண்டு, வெளியே நிற்பதுபோல் பாதை கொடுத்திருந்தான். முன்னால் ஒரு '../' போட்டதும் சரி.

உடனே அடுத்த கோப்பில் நின்றது. விண்டோஸ் மடிக்கணினியில் எழுதிய நிரல் அது. கோப்பின் பெயர் பெரிய எஸ்ஸில் தொடங்க, இன்குளூட் வரியில் சின்ன எஸ். விண்டோஸ் பொதுவாக இதைக் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடாது. பாதைகளில் பின்சாய்கோடு இருந்தாலும் முன்சாய்கோடாக மாற்றிவிடுங்கள், இரண்டிலும் ஓடும்.

பில்டை ஒழுங்குபடுத்தும் கருவியான சிமேக்கைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், 'டார்கெட் இன்குளூட் டைரக்டரிஸ்' வரியில் சார்புப் பாதையைக் கொடுங்கள். அது சிமேக் கோப்பு இருக்கும் போல்டரிலிருந்தே எண்ணப்படும்; எங்கே நின்று பில்ட் செய்தாலும் மாறாது. உங்கள் ஹோம் போல்டரின் முழுப் பாதையை மட்டும் தயவுசெய்து எழுதிவைக்காதீர்கள், அடுத்தவர் கணினியில் அன்றைக்கே உடையும்.

வெளி லைப்ரரியின் ஹெடர் கிடைக்காவிட்டால், உபுண்டுவில் பெரும்பாலும் பெயர் 'டெவ்' என்று முடியும் பொதியை நிறுவ வேண்டியிருக்கும். 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று வந்தால் ஹெடர் பாதையைத் தொட வேண்டாம். அது லிங்க் செய்யும்போது, அதாவது கொம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைக்கும்போது வரும் பிழை, எந்த லைப்ரரி விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள்.