எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கும் வீட்டு ஒலிப்பதிவும்: கேள்வி பதில்

சென்னை சாலிகிராமத்தில் ஒலிப்பதிவு வேலை பார்க்கிறேன். வீட்டிலேயே பாட்டும் வாத்தியமும் பதிவு செய்கிறவர்கள் ஹார்ட் டிஸ்க் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். மைக் எது வாங்கலாம் என்ற கேள்விகளை இன்றைக்குத் தொடவில்லை.

மயிலாப்பூர், வீணை ஆசிரியை: லேப்டாப்பில் இடம் போதவில்லை. பழைய பதிவுகளை எல்லாம் 1 டிபி டிஸ்க்கில் ஏற்றிவிட்டு லேப்டாப்பில் அழித்துவிட்டேன். இனி பேக்கப் கவலை இல்லைதானே?

இப்போதுதான் கவலைப்பட வேண்டும், அம்மா. முன்பு லேப்டாப்பில் ஒரு பிரதி இருந்தது, இப்போது டிஸ்க்கில் ஒரு பிரதி இருக்கிறது. இடம் மாறியிருக்கிறதே தவிர எண்ணிக்கை கூடவில்லை. அதுவும் லேப்டாப்பைவிட எளிதில் மேஜையிலிருந்து கீழே விழக்கூடிய பொருளுக்கு மாறியிருக்கிறது. இன்றே இன்னொரு டிஸ்க் வாங்கி முழுவதையும் நகல் எடுங்கள். எடுத்த கையோடு நாலைந்து ஃபைல்களை நடுநடுவே ஓட விட்டுக் கேளுங்கள். ஃபோல்டரில் பெயர் தெரிகிறது என்பதற்காக உள்ளே பாட்டு இருக்கிறது என்று அர்த்தமில்லை.

அம்பத்தூர்: நேரடியாக எக்ஸ்டெர்னல் டிஸ்க்கிலேயே ரெக்கார்ட் செய்தால் திணறுமா?

கணக்கைப் பாருங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்து எழுதினால், ஒரு மோனோ டிராக் நொடிக்கு 144 கேபி எழுதும். பாட்டு, வயலின், மிருதங்கத்துக்கு இரண்டு, கடம், தம்பூரா என்று தொடங்கி எட்டு டிராக் வரை வைத்தாலும் நொடிக்கு 1.2 எம்பிகூட வராது. பழைய யூஎஸ்பி 2.0 இணைப்பே நொடிக்கு 30 எம்பி சுமாருக்குத் தாங்கும். ஆகவே எழுதுகிற வேகம் பிரச்சினையே இல்லை.

திணறுவது வேறு இடத்தில். சாம்பிள் லைப்ரரியை (வாத்திய ஒலித் துண்டுகளின் தொகுப்பை) அதே டிஸ்க்கில் வைத்து, பியானோவும் ஸ்ட்ரிங்ஸும் வாசித்தால், சுழலும் டிஸ்க்கின் படிக்கும் முனை ஆயிரம் சின்னத் துண்டுகளைத் தேடி அங்கும் இங்கும் ஓட வேண்டும். அதற்குச் சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வாங்குங்கள். இன்னொன்று, மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸையும் டிஸ்க்கையும் அடாப்டர் இல்லாத ஒரே யூஎஸ்பி ஹப்பில் சொருகாதீர்கள். மின்சாரம் பற்றாமல் டிஸ்க்கின் இணைப்பு நடுவில் அறுந்துவிடும். பழியைச் சாஃப்ட்வேர் மேல் போடுவீர்கள்.

பெரம்பூர்: எந்த கம்பெனி டிஸ்க் நல்லது?

எல்லா கம்பெனி டிஸ்க்கும் ஒரு நாள் சாகும். இரண்டு வாங்குங்கள்.

முடிச்சூர்: எங்களிடம் இரண்டு பிரதி இருக்கிறது. இரண்டும் ஒரே பீரோவில். போதுமா?

முடிச்சூரிலிருந்து இதைக் கேட்கிறீர்களே! 2015 டிசம்பரில் உங்கள் பக்கம் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பீரோவின் கீழ்த்தட்டும் மேல்தட்டும் இரண்டு இடம் ஆகாது. ஒரு டிஸ்க் வேறு ஏரியாவில், மாடி வீட்டில், சொந்தக்காரர் யாரிடமாவது இருக்கட்டும். மூன்று பிரதி, இரண்டு வகை சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்று புகைப்படக்காரர்களிடமிருந்து வந்த ஒரு விதி உண்டு. நமக்கும் அதுவே போதும்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கும் சேர்த்து: காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். யூஎஸ்பி முனையில் பச்சை பூத்தால் டிஸ்க்கைத் திட்டிப் பயனில்லை.

வியாசர்பாடி, கானா பாடகர்: அண்ணே, ஆன்லைனில் 16 டிபி டிஸ்க் 1500 ரூபாய்க்குக் கிடைக்குது. ஆர்டர் போடவா?

வேண்டாம் தம்பி. உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு இருக்கும். 16 டிபி என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும்படி மாற்றியிருப்பார்கள். முதலில் எழுதும்போது எல்லாம் சரியாகவே போகும். உண்மையான இடம் தீர்ந்ததும் பழைய பாட்டின் மேலேயே புதுசு எழுதப்படும், ஒரு எச்சரிக்கையும் வராது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் வாங்கினாலும் பில்லும் வாரண்டியும் வாங்குங்கள். வந்ததும் 'ஹெச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச சாஃப்ட்வேரால் முழு டிஸ்க்கையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.

நங்கநல்லூர்: எட்டு டிராக்குக்கு 48 கிலோஹெர்ட்ஸில் கணக்குப் போட்டீர்கள். கர்நாடக இசையை 96-இல்தான் பதிவு செய்ய வேண்டும். கமகத்தின் நுணுக்கம் 48-இல் உடைந்துவிடும்.

உடையாது. 48 கிலோஹெர்ட்ஸில் 24,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலி பதிவாகும். மனிதக் காதின் எல்லை 20,000. நம் வயதுக்கு அதுவும் இல்லை. கமகம் என்பது ஸ்வரத்தில் நொடிக்குச் சில அசைவுகள். அதைப் பிடிக்க 48,000 புள்ளிகள் தாராளம்.

நங்கநல்லூர்: நான் இரண்டையும் கேட்டிருக்கிறேன் சார். வித்தியாசம் தெரிகிறது.

எது எது என்று தெரிந்தே கேட்டிருப்பீர்கள். ஒரே டேக்கை 96-இல் எடுத்து, அதையே 48-ஆக மாற்றி, வீட்டில் வேறு யாரையாவது மாற்றி மாற்றி ஓட விடச் சொல்லுங்கள். நீங்கள் திரையைப் பார்க்கக் கூடாது.

திருவல்லிக்கேணி, மிருதங்கம்: குறுக்கே வருகிறேன். சாப்பு அடி விழும்போது 96-இல் ஒரு காற்று இருக்கிறது. நங்கநல்லூர்க்காரர் சொல்வது சரி.

அந்தக் காற்று மைக்கை வைத்த இடத்தில் இருக்கிறது. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையிலிருந்து ஒரு கை தள்ளி வைத்துப் பாருங்கள், 48, 96 என்று எந்த சாம்பிள் ரேட்டிலும் வரும். 96-க்கு நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளும் பஃபர் அதே அளவில் இருந்தால், பாடுவது ஹெட்போனில் திரும்பிக் கேட்கும் தாமதம் குறையும். ஒலியைப் பாதி வேகத்தில் ஓட்டி எஃபெக்ட் செய்கிறவர்களுக்கும் உதவும், அதற்கேற்ற மைக் இருந்தால்.

ஆனால் இடத்தைப் பாருங்கள். இரண்டரை மணி நேரக் கச்சேரி, எட்டு டிராக்: 48-இல் 10 ஜிபி சொச்சம், 96-இல் 20 ஜிபிக்கு மேல். 96-இல் எடுத்து ஒரே பிரதி வைத்திருப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அந்த 20 ஜிபியில் 48-இல் இரண்டு பிரதி வைத்திருக்கலாமே?

நங்கநல்லூர்: டிஸ்க் விலை குறைந்துவிட்டது. 96-இலேயே இரண்டு பிரதி வைப்பேன்.

வையுங்கள், சண்டையே இல்லை. மூன்றாவதையும் வெளியே வையுங்கள். இதோடு இந்தப் பேச்சை விடுவோம். இதற்குப் பிறகு வந்த 192 கிலோஹெர்ட்ஸ் கேள்விகளை நான் படிக்கவில்லை.

போரூர்: வீட்டில் விண்டோஸ், நண்பரிடம் மேக். எப்படி ஃபார்மட் செய்வது?

கொண்டுபோய்க் கொண்டுவரும் டிஸ்க்கை, இரண்டிலும் எழுதக்கூடிய எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில் வையுங்கள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் என்றால் மேக் படிக்கும், எழுதாது. பழைய ஃபேட்32 ஃபார்மட்டில் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் நிற்காது. எக்ஸ்ஃபேட்டில் ஒரு குறை: எழுதும்போது வயரைப் பிடுங்கினால் எளிதில் குழம்பும். பேக்கப் டிஸ்க்கை அவரவர் கம்ப்யூட்டரின் சொந்த ஃபார்மட்டிலேயே வைப்பது நல்லது.

கொளத்தூர்: புராஜெக்ட் ஃபைலை நகல் எடுத்தேன். வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் ஆடியோ காணவில்லை என்கிறது.

புராஜெக்ட் ஃபைல் வெறும் குறிப்புதான், பாட்டு அதில் இல்லை. க்யூபேஸ் என்ற ஒலிப்பதிவு சாஃப்ட்வேரில் 'பேக்கப் புராஜெக்ட்' இருக்கிறது. இன்னொரு சாஃப்ட்வேரான ரீப்பரில் 'சேவ் அஸ்' போகும்போது ஆடியோ எல்லாவற்றையும் புராஜெக்ட் ஃபோல்டருக்குள் நகல் எடுக்கும் தேர்வைப் போடுங்கள். பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு டிராக்கையும் தொடக்கத்திலிருந்தே வேவ் ஃபைலாக வெளியே எடுத்து வையுங்கள். பத்து வருஷம் கழித்து சாஃப்ட்வேரில் நீங்கள் கூடுதலாகச் சேர்த்த ப்ளக்-இன் இருக்குமா என்று யாருக்கும் தெரியாது, வேவ் திறக்கும்.

குரோம்பேட்டை: எந்த கம்பெனி...

பெரம்பூருக்குச் சொன்னதேதான்.

ராயபுரம், சர்ச் பாடகர் குழு: டிஸ்க் டக் டக் என்கிறது. ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்கிறார்கள். கிறிஸ்துமஸ் பாட்டு முழுக்க அதில்தான்.

ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும், மிச்சமும் போகும். இப்போதே வயரைக் கழற்றுங்கள், மறுபடி சொருகிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு டக்கிலும் படிக்கும் முனை உள்ளே சுழலும் தட்டைக் கீறிக்கொண்டிருக்கலாம். தூசி புகாத அறை வைத்திருக்கும் டேட்டா ரிகவரி ஆட்களிடம் கொடுங்கள், செலவு அதிகம் ஆகும். திறந்த மேஜையில் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பவரிடம் கொடுக்காதீர்கள். அதற்கு முன்பு, பாடியவர்களின் வாட்ஸ்அப்பில் மிக்ஸ் யாரிடமாவது இருக்கிறதா என்று கேளுங்கள். மட்டமான தரமாக இருந்தாலும் பாட்டாவது இருக்கும்.

பல்லாவரம்: எஸ்எஸ்டி அடிபட்டாலும் ஒன்றும் ஆகாதே. பேக்கப்புக்கு அதுவே போதுமே?

தினசரி வேலைக்கு எஸ்எஸ்டி அருமை. வருஷக்கணக்கில் மின்சாரம் காட்டாமல் பீரோவில் போட்டுவைக்கச் சுழலும் டிஸ்க்கைத்தான் நம்புவேன். எஸ்எஸ்டியில் தகவல் மின்னேற்றமாக இருக்கிறது. நாளாக நாளாக, சூட்டில் இன்னும் வேகமாக, கசியும். நம் ஊர் மே மாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

தாம்பரம்: கூகுள் டிரைவ் சிங்க்கில் போட்டிருக்கிறேன். டிஸ்க் தேவையா?

தேவை. லேப்டாப்பில் தவறிப்போய் அழித்தால் சிங்க் அங்கேயும் அழித்துவிடும். குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும், நீங்கள் 31-ஆம் நாள் தேடுவீர்கள்.

கொரட்டூர்: கரண்ட் போய் இன்வெர்ட்டர் மாறும்போது ஹெட்போனில் உர்ர்ர் என்று சத்தம். டிஸ்க்கை மாற்றணுமா?

டிஸ்க் மேல் தப்பில்லை. எர்த்திங்கைப் பார்க்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.