சோயா போட்டால் கொழுப்பு ஏன் இறங்குகிறது? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: கறவை மாடுகளுக்கு அடர்தீவனத்தோடு சோயாவை மாவாக அரைத்துக் கலந்து போடுகிறேன். பால் அளவு குறையவில்லை, ஆனால் கொழுப்பு இறங்கிக்கொண்டே போகிறது. சோயா நல்ல தீவனம் என்றுதானே சொல்கிறார்கள்?

பதில்: நல்ல தீவனம்தான், ஆனால் எந்தச் சோயா என்று நீங்கள் சொல்லவில்லையே! எண்ணெய் பிழிந்தெடுத்த புண்ணாக்கு என்றால் அதில் 44 முதல் 48 சதவீதம் புரதம், எண்ணெய் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கும், அதனால் கொழுப்பு இறங்குவது அரிது. மாவாக அரைப்பதாகச் சொல்வதைப் பார்த்தால் முழுப் பயறைப் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் 18 முதல் 20 சதவீதம் எண்ணெய், அந்த எண்ணெயிலும் பாதிக்கு மேல் லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். மாவாகப் போகும்போது எண்ணெய் மொத்தமும் மாட்டின் முதல் இரைப்பையில் ஒரே நேரத்தில் வெளியே வந்துவிடுகிறது. அங்கிருக்கும் நுண்ணுயிரிகள் அதோடு ஹைட்ரஜனைச் சேர்த்து மாற்றும். வைக்கோல், புல் குறைந்து தானியம் கூடிப்போய் இரைப்பையில் புளிப்பு ஏறியிருந்தால் அந்த மாற்றம் தடம் மாறி, டிரான்ஸ்-10, சிஸ்-12 என்ற ஒருவகை சிஎல்ஏ (லினோலிக் அமிலத்தின் உருமாறிய வடிவம்) உண்டாகிறது. மடியில் கொழுப்பு உருவாவதை அடக்குவது இதுதான், அதுவும் சில கிராமே போதும்.

அதனால் மாவாக்காதீர்கள். வறுத்து ஒன்றிரண்டாக உடைத்துப் போட்டால் எண்ணெய் மெதுவாக வெளிவரும், புரதத்தில் கணிசமான பகுதி இரைப்பையில் சிதையாமல் குடலுக்கும் போகும். தீயவிட்டால் புரதத்தில் இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் வீணாகிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மொத்தத் தீவனத்தின் உலர் எடையில் கொழுப்பு 6, 7 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். நார்த்தீவனத்தைக் கூட்டுங்கள். அப்புறம், மாற்றிய மறுநாளே கொழுப்பு ஏறவில்லையே என்று பதறாதீர்கள், இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்.

இன்னொன்று, கொழுப்பின் அளவு இறங்காவிட்டாலும் அதன் தன்மை மாறும். கெட்டித்தன்மை தரும் பால்மிடிக் அமிலம் குறைந்து, இளகலான ஒலீயிக் அமிலம் கூடுவதால் வெண்ணெய் கொஞ்சம் இளகலாக வரும்.

கேள்வி: பச்சை சோயா மாட்டுக்கு விஷமா?

பதில்: வளர்ந்த மாட்டுக்கு அளவோடு போட்டால் இல்லை. அதிலிருக்கும், புரதம் செரிப்பதைத் தடுக்கும் டிரிப்சின் தடுப்பானைப் பெரும்பாலும் முதல் இரைப்பையே சிதைத்துவிடும். சின்னக் கன்றுக்கு அந்த இரைப்பை இன்னும் தயாராகவில்லை, அதற்குப் பச்சையாகக் கொடுக்கவே கூடாது. யூரியா கலந்த தீவனத்தோடும் பச்சை சோயாவைச் சேர்க்காதீர்கள். அதிலுள்ள யூரியேஸ் நொதி யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கிவிடும்.

கேள்வி: சோயா புண்ணாக்கைக் கூட்டிய பிறகு பாலில் யூரியா அதிகம் என்று பரிசோதனையில் வந்திருக்கிறது. நான் எதையும் கலக்கவில்லை!

பதில்: கலக்காமலும் வரும். பாலில் இயல்பாகவே கொஞ்சம் யூரியா உண்டு. இரைப்பை நுண்ணுயிரிகளுக்குத் தேவைக்கு மேல் புரதம் போனால் அது அம்மோனியாவாகி, ஈரல் அதை யூரியாவாக்கி இரத்தத்தில் விட, அங்கிருந்து பாலுக்கும் வந்துவிடும். புண்ணாக்கைக் குறையுங்கள், இல்லையென்றால் அதற்கு ஈடாக மாவுச்சத்து போதுமான அளவு போகிறதா என்று பாருங்கள்.